மாரி முடிந்ததும் போறணைக்கு எவ்வளவு தீ?

மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்த, பாண் சுடும் விறகுப் போறணைக்குத் தை பிறந்ததும் பெருந்தீ போடுகிறார்கள். திருகோணமலையில் பழைய போறணைகளின் செங்கல் கூரை வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். கல்லில் ஊறிய தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். வழி கிடைக்காவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வரும்.

முதல் நாள் பொச்சுமட்டையும் சிராயும் போதும். கூரை 100 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டாம், கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். மறுநாள் 150, அதற்கடுத்த நாள் 200. சற்று நேரம் மூடிவைத்துத் திறந்தால் கதவுத் தகரத்தின் உட்பக்கம் வியர்த்திருக்கிறதா? அப்படியென்றால் ஈரம் இன்னும் போகவில்லை. வியர்வை நின்றபிறகே முழுத்தீ.

அன்றாடச் சூட்டுக்குக் கூரையைப் பாருங்கள். தீ மூட்டியதும் கரி படிந்து கறுக்கும். 350 பாகையைத் தாண்டும்போது அந்தக் கரியே எரிந்து கல் வெளுக்கத் தொடங்கும். மூலைகளும் வெளுத்துவிட்டால் போதும். அதற்குமேல் போடும் விறகு காசுக்கும் கேடு, கல்லுக்கும் கேடு. தணலை வெளியே, காற்றோட்டமான இடத்தில் இழுத்துப் போட்டு, பிழிந்த ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, அரை மணி நேரமாவது கதவை மூடிவையுங்கள். அகச்சிவப்புக் கை வெப்பமானி கல்லின் மேற்பரப்பைத்தான் காட்டும். தணல் எடுத்தவுடன் 350 காட்டிய தளம் சூடு சமப்பட்டபின் 250க்கு இறங்கும். நம்ப வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. பளபளக்கும் தகரத்தில் பிடித்தால் அது சொல்வது பொய்.

வெப்பமானி இல்லையா, ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தளத்தில் தூவுங்கள். உடனே கருகினால் சூடு மிகை. பத்துப் பதினைந்து விநாடியில் பழுப்பானால் பாண் வைக்கலாம். 450 கிராம் பாணுக்கு 230 முதல் 250 வரை, அரை மணி நேரமளவு. 200க்கு இறங்கியதும் பணிஸ். கடைசிச் சூட்டில், 120 அளவில், றஸ்க் காயும். அடி கருகி உள்ளே மாவாக இருந்தால் ஈஸ்ட்டைத் திட்டாதீர்கள், தளம்தான் கொதிக்கிறது. கதவைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு இன்னொருமுறை சாக்கால் துடைத்தால் இறங்கும். வாளித் தண்ணீர் ஊற்றினால் கல் அன்றைக்கே பிளக்கும்.

விறகு வறண்ட கச்சான் காற்றில் காய்ந்ததாக இருக்கட்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி தன் தண்ணீரை விரட்டவே போய்விடும், புகைபோக்கியில் பிசினும் படியும். அந்தப் பிசின் ஒருநாள் தீப்பிடிக்கும். கரையொதுங்கிய மரமும் பெயின்ட் அடித்த தோணிப் பலகையும் இலவசம்தான். உப்பு இரும்பைத் தின்னும், பெயின்ட் புகை பாணில் இறங்கும்.

வெடிப்புக்குச் சீமெந்து பூசவே வேண்டாம். 400 பாகைக்கு மேல் அது உதிரும். சலித்த புற்றுமண் ஒரு பங்கு, மகாவலி ஆற்று மணல் இரண்டு பங்கு. வெடிப்பை நனைத்துவிட்டு உள்ளே திணியுங்கள். கடல் மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். மயிரிழை வெடிப்புச் சூட்டில் தானே மூடிக்கொள்ளும், விட்டுவிடலாம். நடுக்கூரையில் ஒரு கல்லாவது கீழே இறங்கித் தெரிந்தால் தீயை நிறுத்திவிட்டு மேசனைக் கூப்பிடுங்கள்.