தரைக்குக் கீழே ஹீட்டர்: கேட்ட விலையும் ஆன செலவும்

போன ஜூனில் மதுரையிலிருந்து அம்மா ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். நான் வாங்கி வைத்திருந்த கம்பளி சாக்ஸ் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, மெட்டியில் மாட்டி இரண்டு காலிலும் விரல் பக்கம் ஓட்டை. மெட்டியைக் கழட்டும்மா என்று சொல்லிப் பார்த்தேன். "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதுக்குடா கழட்டணும்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்தவள் அவள். ஜோஹன்னஸ்பர்க் ஏற்காட்டைவிட உயரம், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். இங்கே குளிர்காலமே ஜூன், ஜூலைதான், விடியற்காலை புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். 2023 ஜூலை 10 அன்று பனியே கொட்டியது. பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கும். இந்த ஊர் வீடுகளைக் கட்டியவர்கள் குளிர்காலம் என்ற ஒன்றையே மறந்துவிட்டார்கள் போல. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை, மேலே சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் வெறும் காற்று. அம்மாவோ தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில்தான் காய் நறுக்குவேன் என்கிறாள்.

சரி, தரையையே சூடாக்கிவிடலாம் என்று இறங்கினேன். மிட்ராண்டில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் அளந்து பார்த்து, எல்லா அறைக்கும் சேர்த்து 70 சதுர மீட்டர், 84,000 ராண்ட் (இந்த ஊர்க் காசு) என்றார். டைல்ஸும் இதில் அடக்கமா என்று கேட்டேன். இல்லையாம். பழைய டைலை உடைக்க, இடிபாட்டை அள்ள, புது டைல், பசை, கூலி எல்லாம் சேர்த்தால் இன்னொரு 62,000. அதாவது சூடு தரும் ஒயருக்கு ஒரு விலை, அதைப் புதைக்கிற பள்ளத்துக்குக் கிட்டத்தட்ட இன்னொரு விலை. பெரும்பாலும் முதல் விலையை மட்டும்தான் சொல்வார்கள், இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயத்தை அவர் சொல்லவே இல்லை, இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் லெனேசியாவிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் சொன்னார். நாலு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். வணக்கம், தண்ணி, ஆயா என்று ஒரு பத்துத் தமிழ் வார்த்தை தெரியும், மீதி எல்லாம் ஆங்கிலம். வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துவிடும் டிபி போர்டைத் திறந்து காட்டிக் கணக்குப் போட்டார். டைலுக்குக் கீழே போடும் மேட் (சூடாகும் ஒயர் கோத்த விரிப்பு) சதுர மீட்டருக்கு 150 வாட் இழுக்கும், 70 மீட்டருக்கு 10.5 கிலோவாட். வீட்டுக்கு வரும் கரண்ட் 60 ஆம்பியர், 230 வோல்ட், ஆக மொத்தமே 13.8 கிலோவாட். கீசர் ஒரு 3 கிலோவாட் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? அப்புறம் காபிக்கு கெட்டிலைப் போட்டால் மெயின் ட்ரிப் ஆகும், வீடே இருட்டு. லோட்ஷெடிங்கை நாமே காசு கொடுத்து வாங்கிய மாதிரி.

பில்லையும் பார்த்துவிடுவோம். எனக்கு ஒரு யூனிட் ஏறக்குறைய மூன்றரை ராண்ட். தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்து வைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு 31 யூனிட், மாதம் 3,300 ராண்ட். இங்கே மின்சாரம் தரும் அரசு நிறுவனமான எஸ்காம் 2023இல் ஒரே அடியாக 18.65 சதவீதம் ஏற்றியது, அதற்குப் பிறகும் வருடா வருடம் ஏறுகிறது. தண்ணீர்க் குழாய் பதித்து வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப்பில் ஓட்டினால் இதில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும்தான், ஆனால் அதெல்லாம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு. கட்டிய வீட்டில் தரையை அவ்வளவு ஆழத்துக்கு யார் தோண்டுவது?

கடைசியில் அம்மா அறைக்கு மட்டும் போட்டோம். அறை 12 சதுர மீட்டர். பீரோவுக்குக் கீழே போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஒயர் கெட்டுவிடும், அதனால் மேட் 8 மீட்டர்தான், ஆனால் டைல் என்னவோ அறை முழுக்க உடைத்தாக வேண்டும். மேட் 9,600. தெர்மோஸ்டாட் 1,900. தனி லைன், கரண்ட் கசிந்தால் அணைக்கும் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச், வயரிங் சரி என்று தரும் சிஓசி சான்றிதழ் சேர்த்து 4,500. உடைப்பு, அடியில் போடும் இன்சுலேஷன் பலகை, டைல், கூலி 13,800. இடிபாடு அள்ள 1,200. மொத்தம் 31,000 ராண்ட், நம்ம ஊர்க் காசுக்கு ஒன்றரை லட்சம். இதற்கு முன்னாலேயே 6,500 செலவழித்து சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வீட்டுக் குளிர் குறைந்தது அதில்தான், தரை ஹீட்டர் காலுக்கு மட்டும். (இதை அம்மாவிடம் சொல்லவில்லை.)

அண்ணன் மேட்டை விரித்ததும் ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து மின்தடையை ஓம் கணக்கில் பார்த்தார். 44. பென்சிலால் சுவரில் எழுதினார். டைல் போடுகிறவரின் கரண்டி ஒயரில் ஒரு கீறல் போட்டால் போதுமாம், மறுபடியும் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதுதான். டைல் ஒட்டி முடித்த சாயங்காலம் திரும்ப வந்து பார்த்தார், அப்போதும் 44. "நல்லா இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். பசை காய இரண்டு வாரம் ஸ்விட்ச் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு வாரமும் அம்மா ஹாலில் ஆயில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம் என்று வைத்தேன். தினமும் நாலு யூனிட்டுக்குள்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மட்டும் காலையில் ப்ரீபெய்டு மீட்டரைப் பார்த்தால் ராத்திரியிலேயே ஏழு யூனிட் கூடுதலாகப் போயிருக்கிறது. அறைக்குள் போனேன். தெர்மோஸ்டாட் 28இல் நிற்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இட்லி மாவுப் பாத்திரம், ஜூலை மாதத்தில் இந்த ஊரில் புளிக்கவே புளிக்காத மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு புது டைல் இடுக்கெல்லாம் வழிந்திருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷை வைத்து நான் தேய்த்துக்கொண்டிருக்க, "அடுத்த தடவை பெரிய பாத்திரத்துல வைக்கணும்டா" என்றாள் அம்மா.