பிளைத்பர்க்கின் மரத் தேவதூதர்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பிளைத் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தை நோக்கியபடி ஒரு மேட்டின்மேல் நிற்கும் பிளைத்பர்க் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைச் 'சதுப்பு நிலத்துக் கதீட்ரல்' என்று அழைக்கிறார்கள். சிற்றூர் மக்களின் ஆலயம்தான். ஆயினும் அந்தப் பெயர் அதற்குத் தகும். கிழக்குச் சன்னலின் கீழே, சிக்கிமுக்கிக் கல்லை வெட்டி வெளிர்கல்லோடு பதித்து அமைத்த எழுத்து வரிசையின் முன்னே சற்று நேரம் நின்றுவிட்டே உள்ளே சென்றேன்.

உள்ளே கால் வைத்ததும் கண்கள் தாமாகவே மேலே சென்றன. 15ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த ஆலயத்தின் மேல்வரிசையில் பக்கத்துக்கு 18 சன்னல்கள் இருப்பதால், வெளிச்சம் நேராக மரக்கூரையில் போய் விழுகிறது. அங்கே, உத்தரங்களின் நடுவில், மரத்தில் செதுக்கப்பட்ட தேவதூதர்கள் இருவர் இருவராக முதுகோடு முதுகு சேர்த்து, ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் நோக்கிச் சிறகு விரித்திருக்கின்றனர். பழைய வண்ணம் மங்கியிருந்தாலும் முற்றிலும் அழிந்துவிடவில்லை.

அவர்கள் கண்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. 1577 ஆகஸ்டு 4ஆம் நாள், ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பெரும் புயலில் கோபுரத்தின் கூர்முனை சரிந்து விழுந்தது, உயிர்களும் பலியாயின. அன்று கரிய நாயின் வடிவில் சாத்தான் வந்துபோனதாக ஊரில் கதை உண்டு. வடக்குக் கதவில் தெரியும் கருகிய தழும்புகளை அதன் நகக்குறிகள் என்பார்கள். பின்னர், உருவங்களை அழிக்க ஆணை பெற்ற வில்லியம் டௌசிங் 1644 ஏப்ரலில் வந்து, தேவதூத உருவங்கள் இருபதை இறக்குமாறு உத்தரவிட்டார். அடுத்த நூற்றாண்டில், கூரையில் அடைந்த காக்கையினப் பறவைகளைச் சுட்டபோது சிதறிய ஈயக் குண்டுகள் மரத்தில் பதிந்தன. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் மேலேயே இருப்பதைக் கண்டபோது என் உள்ளம் உருகியது.

இருக்கைகளின் முனைகளில் மனிதரின் பாவங்களைச் சிறு உருவங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சோம்பல் படுக்கையில் கிடக்கிறது. பெருந்தீனி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேறொருவன் கைகூப்பி ஜெபிக்கிறான், ஆனால் அவன் கண்கள் திறந்திருக்கின்றன, மாய்மாலம் அது. அவனருகே அமர்ந்து, கண்களை இறுக மூடி, நெடுநேரம் ஜெபித்தேன்.