கடைசித் தவணை: கிளிநொச்சி நாட்குறிப்பு

நவம்பர் 10

வேலையை விட்டுவிட்டு ரொறன்ரோவில் இருக்கிற அம்மாவிடம் போகிறேன் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தவணை முடியிற வரைக்குமாவது நில்லுங்கோ பிள்ளை" என்றார். நிற்பேன். அம்மாவுக்கு அங்கே குறித்திருக்கிற திகதி அதற்கு மேல் விடாது.

நவம்பர் 13

கதை ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டது. ஏன் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிக்கற் போட்டாச்சோ, எத்தனை கிலோ கொண்டுபோகலாம், கொழும்புக்கு ஆர் கொண்டுபோய் விடுகினம், அவ்வளவுதான். சாவகச்சேரி ரீச்சர் மட்டும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதிப் புட்டை என் மூடியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தா. விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி அவித்த புட்டு. ஆனையிறவு தாண்டி பஸ்ஸில் வருவா, பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பவும் அதே ஏ9 வீதி.

எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர். வெளிமாவட்டச் சேவைக்காலம் முடிய இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பால்குடிப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிவருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முந்தநாள் தரம் 5 பிள்ளைகள், தரம் 3இல் ஆங்கிலப் புத்தகம் கையில் எடுத்ததில் இருந்து எத்தனை ரீச்சர்மார் வந்து போனார்கள் என்று விரல் மடித்து எண்ணினார்கள். நான் அடுத்த விரல்.

நவம்பர் 14

புத்தக அலுமாரிச் சாவியை ஆரிடம் குடுக்கிறது?

நவம்பர் 17

முரசுமோட்டைப் பிள்ளை இன்று கடதாசியை ஆட்டிவிட்டாள்!

இதை விபரமாக எழுதிவைக்க வேண்டும், எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளோடு நிற்கிறவர் ஆரென்றாலும் அவருக்கு உதவும். தமிழில் 'ப' என்ற ஒரு எழுத்தே போதும். 'பல்' என்னும்போது ஒரு மாதிரி ஒலிக்கும், 'அம்பு' என்னும்போது வேறு மாதிரி. எந்த இடத்தில் எது என்று வாய்க்குத் தெரியும், பிள்ளை யோசிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலியும் வந்து நிற்கும். பன்றிக்கும் 'பிக்', பெரியதுக்கும் 'பிக்' என்று ஒரே மாதிரிச் சொல்கிற பிள்ளை, சொல்வதெழுதலில் எந்த எழுத்தைப் போடுவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும். கவனமில்லை என்று அதற்கு அடி விழும். கவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கொப்பிக் கடதாசியில் ஒரு விரல் அகலத்துக்குக் கீலம் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கப் பிடிக்க வேண்டும். பன்றியைச் சொல்லும்போது மூச்சு வெடித்து வெளியே வரும், கடதாசி துள்ளும். பெரியதுக்கு அப்படித் துள்ளாது. எங்கள் 'ப'வில் அந்த மூச்சு இல்லை, அதனால் முதலில் ஒரு பிள்ளைக்கும் துள்ளாது.

அவள் தவணை முழுக்க உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாசித்தவள். இன்று இரண்டு விரலால் கீலத்தைப் பிடித்து, கண் இரண்டையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து அதையே பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துப்பல்தான் தெறித்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்ட தொண்டராசிரியை, "வயித்தில இருந்து சொல்லம்மா" என்றா. கடதாசி பட்டென்று மேலே போனது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அதற்குப் பிறகு புத்தகத்தில் இருந்த சொல்லையெல்லாம் அந்தக் கீலத்தில் சோதித்துப் பார்த்தாள், மணி அடித்த பிறகும்.

'வயித்தில இருந்து' என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நவம்பர் 18

ரொறன்ரோவில் இருந்து தம்பி. திகதி முன்னுக்கு வரலாமாம். அம்மா போனை வாங்கி, "அங்க மழையோ?" என்று மட்டும் கேட்டா.

நவம்பர் 21

நித்திரை இல்லை. திரும்பவும் சாவிதான்.

அலுமாரியில் இருப்பது பெரிய சொத்தில்லை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், படச் சீட்டுகள், நாங்கள் எல்லாரும் இருந்து தைத்த சின்னக் கொப்பிகள். ஆனால் பின்னேர வாசிப்பு அந்த அலுமாரி திறந்தால்தான் நடக்கும். நிரந்தர ஆசிரியர் ஒருவர் பொறுப்பெடுத்தால், அவருடைய பஸ் இரண்டு மணிக்கு. அப்புறம் அலுமாரி பூட்டியபடிதான் இருக்கும், கறையான்தான் வாசிக்கும்.

தொண்டராசிரியையின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில். வருசக்கணக்காக மாதச் சம்பளம் இல்லாமல் வருகிறா. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், சான்றிதழ் எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போவா, திரும்பி வந்து அடுத்தநாள் தரம் 3க்குப் போய் நிற்பா. அவவிடம் சாவியைக் கொடுக்கலாமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். பதிவில் இல்லாத ஆளிடம் பொருட்பொறுப்பு கொடுக்க ஏலாதாம். பிள்ளைகளைக் கொடுக்கலாம், அலுமாரியைக் கொடுக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன், இன்னும் நெஞ்சு கொதிக்குது.

96இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது என்னுடைய தரம் 6 கொப்பிகள் ரீச்சரின் மேசையில் திருத்தக் கிடந்தன. அந்த ரீச்சர் பிறகு அக்கராயனில் மரத்துக்குக் கீழே எங்களைக் கூட்டி வைத்துப் படிப்பித்தா. எங்களோடு இருந்தவ, அதனால் படிப்பித்தா. எனக்கு இதற்கு மேல் ஒரு கல்வித் தத்துவமும் தெரியாது.

நவம்பர் 24

இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தாச்சு. கனகராயன் ஆறு இரண்டு நாளாகக் கொண்டுவந்த தண்ணீர். முரசுமோட்டை, கண்டாவளைப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. காலபோக வயல் எல்லாம் தண்ணிக்குள்.

நவம்பர் 27

மாவீரர் நாள். 6.05க்கு மணி. பளை ரீச்சர் தன் தம்பிக்கு விளக்கேற்றினா. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 28

அவள் இன்றும் வரவில்லை.

பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டது. இடித்துச் சரக்குப் போட்ட மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், அம்மாவுக்கென்று மொட்டைக்கருப்பன் அரிசி. என் உடுப்பைத்தான் குறைக்க வேண்டும்.

நவம்பர் 30

பிரியாவிடை. பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பா வாசித்தார்கள். பரந்தன் சேர் எழுதிய விருத்தம், அவருக்கே இரண்டு இடத்தில் தொண்டை அடைத்தது. ரோல்ஸ், கேக், சோடா. நான் பேச எழும்பி, பிள்ளைகளின் பக்கம் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். சாவகச்சேரி ரீச்சருக்கும் ஜனவரிக்கு இடமாற்றக் கடிதம் வந்திருக்கிறது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா, சந்தோசத்தில் அழுகிறாவோ என்று கேட்க மனம் வரவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எல்லாரும் படம் எடுக்கப் போனபோது அதிபர் என்னையும் தொண்டராசிரியையையும் கந்தோருக்குள் கூப்பிட்டார். பொருட்பதிவேட்டைத் திறந்து அலுமாரியைத் தன் பெயரில் எழுதி ஒப்பம் வைத்தார். "பொறுப்பு என்ர பேரில கிடக்கட்டும். சாவி பிள்ளையின்ர கையில இருக்கட்டும்" என்றார். அவ இரண்டு கையாலும் வாங்கினா.

"திங்களில இருந்து திறக்கட்டே சேர்?"

"ஏன் திங்கள்? இண்டைக்கே திறவுங்கோ."

டிசம்பர் 1

திறந்திருக்கிறா. மழைக்கு நனைந்த படச் சீட்டுகளை வாங்கில் பரப்பிக் காயவிட்டிருக்கிறா.

கொழும்புக்குப் போற வான் இரவு எட்டு மணிக்கு. தண்ணி வடிஞ்சு முரசுமோட்டைப் பாதை விட்டிட்டுதாம். அங்கே ஒரு தரம் போக வேண்டும், அந்தப் பிள்ளையின் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் என்று பளை ரீச்சர் சொன்னா, அவவின் மோட்டார் சைக்கிளிலேயே போகலாம். தம்பி எடுக்கிறான், பிறகு எழுதுகிறேன்.