கேஷில் ஆப்ஜெக்டை வைக்காதீர்கள், ஜேசனை வையுங்கள்

பைத்தானில் வெப் ஏபிஐ எழுத உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் கேட்கும் தகவலைத் தருவது) மெதுவாக இருந்தது. நான் டேட்டாபேஸைத்தான் சந்தேகப்பட்டு குவெரிகளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். புரொஃபைலரை ஓட்டிய பிறகுதான், ஒவ்வொரு பொருளையும் சீரியலைசர் ஃபீல்டு ஃபீல்டாக எடுத்து, வெளியே அனுப்பும் எழுத்து வடிவமான ஜேசனுக்கு ஏற்றபடி மாற்றுவதிலேயே பாதிக்கு மேல் நேரம் போகிறது என்று தெரிந்தது.

சரி, கேஷ் செய்வோம், ஒருமுறை எடுத்ததை வைத்துக்கொண்டு திரும்பத் தருவோம் என்று, டேட்டாபேஸிலிருந்து வந்த மாடல் ஆப்ஜெக்டை அப்படியே ரெடிஸில் (மெமரியில் தகவலை வைக்கும் வேகமான சேமிப்பு) போட்டேன். அது தப்பு. ஜாங்கோ அதை பிக்கிள் செய்து, அதாவது பைத்தான் ஆப்ஜெக்டை பைட்டுகளாக மாற்றி வைக்கும், எடுக்கும்போது திரும்ப ஆப்ஜெக்டாகக் கட்டும், அப்புறம் சீரியலைசர் முதலிலிருந்து ஓடும், ஆக மிச்சப்பட்டது குவெரிக்கு ஆகும் நேரம் மட்டும்தான். மாடலில் புது ஃபீல்டு சேர்த்து டிப்ளாய் செய்தால், கேஷில் கிடக்கும் பழைய பிக்கிளில் அது இருக்காது. இன்னொன்று, ரெடிஸில் வேறு யாராவது எழுத முடிந்தால், பிக்கிளைத் திறக்கும்போது அவர்களுடைய கோடு நம் சர்வரில் ஓடிவிடும்.

இப்போது வைப்பது தயாரான ஜேசன் பைட்டுகளை மட்டும். அதைத் தேடி எடுக்கும் பெயரான கீயில் பொருளின் ஐடி, கடைசியாக மாறிய நேரம், சீரியலைசரின் பதிப்பு எண். பொருள் மாறினால் கீயும் மாறும், பழையது டிடிஎல் (கேஷில் இருக்க நாம் வைத்த கால அளவு) முடிந்து தானாகப் போய்விடும். ஐடியையும் நேரத்தையும் எடுக்க ஒரு சின்ன குவெரி ஆகும், அது பரவாயில்லை. ஆளுக்கு ஆள் மாறும் ஃபீல்டை மட்டும் இதற்குள் விடவே விடாதீர்கள், ஒருவருடைய தகவல் இன்னொருவருக்குப் போய்விடும்.

குவெரிசெட்டின் அப்டேட் மெத்தடில் பல பொருட்களை மொத்தமாக மாற்றினால், கடைசியாக மாறிய நேரத்தைத் தானாகப் பதியும் ஆட்டோ நவ் ஃபீல்டு மாறாது, அதனால் கீயும் மாறாது. அங்கே நேரத்தை நாமே எழுத வேண்டும்.