படகு திரும்பி வரும் வழி: தண்ணீரோரம் ஒரு தீயணைப்பு நிலையம் வரைந்த அனுபவம்

முதல் கூட்டத்துக்கு நான் எடுத்துப்போன வரைபடத்தில், படகுகளைக் கட்டிடத்தின் முன்னால் இரண்டு கட்டங்களாக வரைந்திருந்தேன், வண்டி நிறுத்துமிடம் மாதிரி. அதற்கு முன் கரையில் இரண்டு தீயணைப்பு நிலையங்கள் வடிவமைத்தவன் என்கிற தைரியம். நிலைய அதிகாரி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த நேரத்துப் படம் சார்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "காலை ஆறு மணியா, மதியமா? தண்ணீர் எங்கே நிற்கிறது?"

அந்த ஒரு கேள்வியில் என் வரைபடம் செத்துப்போனது. தீயணைப்பு வண்டி நிற்கும் தரை நாளெல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும். படகு அப்படி இல்லை. எங்கள் இடத்தில் ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே இரண்டரை மீட்டர் வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அந்த முழு அளவும் தெரியும். கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்கும் பாலத்தின் சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் ஸ்ட்ரெச்சரை நிம்மதியாகத் தள்ளிக்கொண்டு வரலாம். இரண்டரை மீட்டருக்கு அந்தக் கணக்கில் முப்பது மீட்டர் நீளப் பாலம் வேண்டும். கப்பல் பாதையை மறிக்காமல் எங்களால் நீட்ட முடிந்தது இருபத்துநாலு மீட்டர்தான். தண்ணீர் மிகவும் வற்றும் சில மணி நேரங்களில் பாலத்தின் சரிவு கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, வழுக்காத கம்பித் தட்டும் இரண்டு உயரங்களில் கைப்பிடியும் வைத்தோம். கனமான சாமான்களை இறக்க ஒரு சின்னக் கிரேன். முழுத் தீர்வு இல்லை, சமாளிப்புதான்.

கட்டிடத்தையே மிதக்க விட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. அதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் திறந்த 35ஆம் நிலையம், எஃகு மிதவை ஒன்றின்மேல் நிற்கும் இரண்டு மாடிக் கட்டிடம். கடலடியில் இறக்கிய பைல்களை, அதாவது நீண்ட தூண்களை, பிடித்துக்கொண்டு ஓதத்தோடு அது மேலும் கீழும் போகிறது. லண்டனில் லாம்பெத் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆற்று நிலையமும் மிதவையில்தான் இருக்கிறது. இதன் அழகு என்னவென்றால், கட்டிடத்தின் தரையும் படகின் விளிம்பும் எப்போதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். கடல்மட்டம் உயர்ந்தாலும் கட்டிடம் கூடவே உயர்ந்துவிடும். மூன்று வாரம் நானும் அந்த மயக்கத்தில் இருந்தேன்.

மயக்கத்தைக் கலைத்தது எங்கள் கப்பல் கட்டுமானப் பொறியாளர். ஒரு பக்கம் உடற்பயிற்சிக் கருவிகளை வைத்தால் மறுபக்கம் அதே எடை வேண்டும், இல்லாவிட்டால் கட்டிடம் சாயும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாமே வளைந்து கொடுக்கும் இணைப்புகள் வழியாக வரவேண்டும். மிதவையின் அடிப்பாகத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது பார்த்தாக வேண்டும். பெரிய கப்பல் கடந்துபோகும் ஒவ்வொரு தடவையும் தூங்குகிறவர்களின் கட்டில் ஆடும். அதோடு எங்கள் நிலையத்தில் படகுகளுடன் தரை வண்டி ஒன்றும் உண்டு. கடைசியில், தங்கும் பகுதியைக் கரையில் பைல்களின்மேல் உயர்த்திக் கட்டி, படகுகளுக்கு மட்டும் மிதவை மேடை என்று முடிவாயிற்று.

அப்புறம் வந்தது நேரப் பிரச்சினை. அழைப்பு வந்ததிலிருந்து கிளம்பும் வரை தீ விபத்துக்கு 80 விநாடி என்பது அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பிஏ) 1710 தரநிலை வைக்கும் இலக்கு. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவோம் என்று, ஒரு காலி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழுத் தரைவரைபடத்தையும் உண்மை அளவில் போட்டோம். கதவுகளுக்கு அட்டை. குழுவினர் ஓடினார்கள், நான் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

தூரம்தான் காரணம் என்று நினைத்துப் படுக்கையறைகளை முன்னால் இழுக்கத் தொடங்கினேன். படகோட்டும் சுக்கானி சிரித்தார். "ஓடினதை விடுங்க சார், உட்கார்ந்ததைப் பார்த்தீங்களா?" நீரில் இறங்கும் மீட்பாளர்கள் ட்ரை சூட் போடவேண்டும். தண்ணீர் உள்ளே புகாதபடி கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டையால் அடைக்கும் உடை அது. நின்றுகொண்டு மாட்டினால் தடுமாறுவார்கள், உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை இடிக்கும். நான் வைத்திருந்த பெஞ்சு, பள்ளிக்கூட பெஞ்சு அகலம். ஆளுக்கு இடத்தைக் கூட்டி, பெஞ்சை உயர்த்தி, உடைகளைக் கிளம்பும் வரிசையிலேயே தொங்கவிட்டு, எதிரெதிராகத் திறந்து மோதிக்கொண்ட இரண்டு கதவுகளில் ஒன்றை எடுத்துவிட்டோம். படுக்கையறைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுமுறை ஓடியபோது எண்பத்தாறு. மீதியைப் படகில் மிச்சம் பிடித்தோம். என்ஜின் எப்போதும் சூடாக இருக்க ஹீட்டர், ஸ்டார்ட் செய்ததும் தானே கழன்று விழும் கரை மின்சார இணைப்பு, ஒரே இழுப்பில் விடுபடும் கயிறு, மூக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்தம்.

கிளம்புவதைப் பற்றி இவ்வளவு உழைத்துவிட்டு, வேலை முக்கால்வாசி முடிந்தது என்று நினைத்திருந்தேன். நிலைய அதிகாரிதான் மறுபடியும் கேட்டார், "சரி, போய்விட்டோம். எப்படித் திரும்பி வருவது?"

என் வரைபடத்தில் திரும்பி வருவதற்கு என்று தனி வழியே இல்லை. போன கதவு வழியாகவே வருவார்கள் என்று விட்டிருந்தேன். போவது ஒன்றரை நிமிட வேலை, திரும்புவது பல மணி நேர வேலை. கப்பல் தீ ஒன்றை அணைத்துவிட்டு வருகிறவரின் உடையில் புகைக்கரி, எண்ணெய், எரிந்த பிளாஸ்டிக்கின் நச்சு எல்லாம் ஒட்டியிருக்கும். தீயணைப்புத் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் வகைப்படுத்தியது. அந்த உடையோடு அவர் சமையலறையைத் தாண்டிப் போகக்கூடாது. ஆகவே அழுக்கு, இடைநிலை, சுத்தம் என்று மூன்று பகுதிகளாகக் கட்டிடத்தை மறுபடி பிரித்தோம். பாலத்தின் தலைப்பிலேயே பூட்ஸ் கழுவும் இடம், உடை கழற்றும் அறை, குளியல், அதற்குப் பிறகே தங்கும் பகுதி. கழுவிய தண்ணீர் கடலில் விழக்கூடாது. தனித் தொட்டிக்குப் போகிறது. இந்தத் தொட்டிக்கு இடம் தேடியதில் என் அழகான முகப்பு போய்விட்டது. இன்றும் கொஞ்சம் வருத்தம்தான்.

நனைந்து வருகிறவர்கள் கதை வேறு. ட்ரை சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். சூடும் வெயிலும் பட்டால் லேட்டக்ஸ் பட்டைகள் வெடித்துவிடும். சலவை உலர்த்தி மாதிரி சூட்டைப் பாய்ச்சும் அறையை நான் பெருமையோடு வரைந்திருந்தேன். அதை அழித்து, காற்றின் ஈரத்தை மட்டும் இழுக்கும் கருவி உள்ள அறையாக மாற்றினோம். படகின் பம்புக்குள்ளும் உப்பு இருக்கும். திரும்பியதும் நன்னீர் விட்டு அலச, மேடையிலேயே பெரிய குழாய்.

பிறகு, அவர்கள் கூட்டி வருகிறவர்கள். குளிர்ந்த நீரில் நெடுநேரம் கிடந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, காப்பாற்றிய பிறகும் உயிர் போகலாம். முடிந்தவரை படுத்த நிலையிலேயே எடுத்து, படுத்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். இதைக் கேட்ட அன்று இரவு உட்கார்ந்து, மேடையிலிருந்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை ஒவ்வொரு திருப்பத்தையும் ஸ்ட்ரெச்சர் நீளத்தில் வெட்டிய அட்டைத்துண்டை வைத்து நகர்த்திப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இடித்தது. பாலத்தின் தலைப்பில் இருந்த தூண் ஒன்றைத் தள்ளி வைக்கவேண்டி வந்தது. கட்டமைப்புப் பொறியாளர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

"உயிரோடு கொண்டுவராத நாளும் உண்டு" என்றார் சுக்கானி ஒருமுறை, தேநீர் இடைவேளையில், பேச்சோடு பேச்சாக. கரையில் உறவினர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். பழைய நிலையத்தில் எல்லாமே அவர்கள் கண் முன்னால்தான் நடந்ததாம். மேடையிலிருந்து பின்பக்கம் போகும் கூரையிட்ட நடைவழி ஒன்றும், தண்ணீரைப் பார்க்காத ஜன்னல் உள்ள ஒரு சின்ன அறையும் வரைபடத்தில் சேர்ந்தது இப்படித்தான். தேவைப் பட்டியலில் இரண்டுமே இல்லை. பரப்பளவு கூடுகிறதே என்று மேலிடத்தில் கேட்டபோது, நான் பேசவேண்டியிருக்கவில்லை. அதிகாரியே எழுந்து விளக்கினார். அறை நின்றது.

பம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய படகுகளின் ஆற்றல் கரை ஆட்களுக்குப் புரிவது கஷ்டம். நியூயார்க்கின் 'த்ரீ ஃபார்ட்டி த்ரீ' என்ற தீயணைப்புப் படகு நிமிடத்துக்கு 50,000 கேலன், அதாவது சுமார் 1.9 லட்சம் லிட்டர் தண்ணீரை இறைக்கும். சாதாரணத் தீயணைப்பு வண்டியின் பம்ப் 1,500 கேலன் அளவில் இருக்கும். எங்கள் படகுகள் இதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அவற்றை எரியும் கப்பலுக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது. 1989இல் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, பற்றி எரிந்த கட்டிடங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. அப்போது 'ஃபீனிக்ஸ்' படகுதான் வளைகுடா நீரைக் கரைக்கு இறைத்துக் கொடுத்தது. இதைப் படித்த பிறகு, மேடையிலிருந்து சாலை வரை ஒரு வெறும் குழாயும் இரண்டு முனையிலும் ஹோஸ் பொருத்தும் இணைப்பும் போடச் சொன்னேன். எந்த நாளும் பயன்படாமல் போகலாம். போனால் நல்லதே. இதே காரணத்தால்தான் நிலையமே நிலநடுக்கத்துக்குப் பிறகும் இயங்கும் வகைக் கட்டிடமாகக் கணக்கிடப்பட்டது.

அனுமதிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காத்திருந்தோம். மீன் இனப்பெருக்க மாதங்களில் பைல் அடிக்கத் தடை. மற்ற மாதங்களிலும், பைலைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை விட்டு ஓசையைக் குறைத்த பிறகே அடிக்கலாம். ஒரு பருவம் தவறியதால் ஐந்து மாதம் போயிற்று.

கட்டும்போது நடந்த பெரிய சறுக்கல் ஒன்று. பாலம் அலுமினியம். அதைப் பொருத்திய ஒப்பந்ததாரரின் ஆட்கள், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை நேராக அலுமினியத்தில் முடுக்கிவிட்டார்கள். இடையில் போடவேண்டிய நைலான் வளையங்கள் பெட்டியிலேயே இருந்தன. உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும், தின்னப்படுவது அலுமினியம். ஆறே மாதத்தில் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைத் தூள், கீழே குழிகள். முழுப் பாலத்தையும் கழற்றினோம். பைல்களிலும், எப்போதும் நீருக்குள் இருக்கும் பாகத்தைவிட, ஏறும் ஓதத்துக்குச் சற்று மேலே அலை தெறிக்கும் பட்டைதான் வேகமாக அரிக்கும். அங்கே தனிப் பூச்சு. நீருக்கடியில் துத்தநாகக் கட்டிகள். இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைவதுதான் அவற்றின் வேலை.

படகுகளின் சுழலி (ப்ரொப்பெல்லர்) தள்ளும் தண்ணீர் பைல்களின் அடியிலிருந்த மணலைப் பறிக்கும் என்பதையும் தாமதமாகத்தான் கணக்கில் எடுத்தோம். பாறைகள் கொட்டிச் சரிசெய்தாயிற்று. மேடையில் நான் போட்ட பளிச்சென்ற வெள்ளை விளக்குகளைச் சுக்கானிகள் முதல் வாரத்திலேயே அணைத்துவிட்டார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணோடு வரும் ஆளுக்கு அந்த வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. இப்போது தாழ்வாக, கீழ்நோக்கிய மங்கல் விளக்குகள்.

ஓராண்டு கழித்துப் பார்வையிடப் போனேன். ஒரு பயிற்சி முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஈரக் காலடிகள் தரையில் கிடந்தன. அழுக்கு வழியாக வந்து, பூட்ஸ் கழுவும் இடத்துக்கு ஓரடி முன்னால் திரும்பி, சுத்தமான பக்கத்துக் கதவுக்குள் நேராகப் போயிருந்தன. எல்லாருடைய காலடியும். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "குழாய் வலது பக்கம் இருக்கிறது சார். ஆக்சிஜன் பெட்டியை வலது கையில் பிடித்துக்கொண்டுதானே வருகிறோம். திறக்கக் கை இல்லை." போன மாதம் குழாயை இடது பக்கம் மாற்றி, காலால் மிதித்தால் திறக்கும்படி வைத்தோம்.