அன்னபூரணி மாதிரிக்கு ஆடி மாதமே நல்லது

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பலுக்கு 89 அடி நீளம், 19 அடி அகலம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டபோது அதன் பெயர் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. குளோஸ்டர் படத்தைப் பார்த்து மாதிரி செய்தால் அந்தப் பெயரையே எழுதவேண்டும். பலர் அங்கேயே சறுக்குகிறார்கள்.

48இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 56.5 செ.மீ., அகலம் 12 செ.மீ. அசல் வேம்பு என்பதற்காக மாதிரிக்கும் வேம்பு தேடவேண்டாம். அதன் ரேகை இந்த அளவில் கயிறு மாதிரித் தடிப்பாகத் தெரியும். மஞ்சள் கடம்பு போதும், ரேகை நுணுக்கம்.

கப்பலின் அடிமரமான ஏராவில் 4 செ.மீ. இடைவெளியில் குறுக்குப் பலகைகளை நிறுத்தி, 4 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிப்புள்ள மரக்கீற்றுகளை ஒட்டுங்கள். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறிமாறித்தான். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா வாழைப்பழமாக வளையும். கப்பலின் முன்முனையான அணியத்தில் கீற்றைப் பாதி அகலத்துக்குக் கீழே சீவவேண்டாம், நுனி பிளக்கும்.

திருகோணமலையில் காலம் பார்ப்பதும் வேலையில் பாதி. மார்கழி மழையில் ஒட்டும் கீற்று ஈரத்தில் ஊதியிருக்கும். அடுத்து வரும் வறண்ட கச்சான் காற்றில் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை சுருங்கும். பக்கத்துக்கு இருபதுக்கு மேல் கீற்றுகள், எல்லாச் சுருக்கமும் கூடிப் பசை பலவீனமான ஒரு பொருத்தில் போய்த் திறக்கும். அந்த இடுக்கில் நகம் நுழையும். ஆடியில் ஒட்டியதற்கு இந்தத் தொல்லை குறைவு. டச்பே கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இரும்பு ஊசி குத்தவே கூடாது. உப்புக்காற்றில் துருவேறி, ஊசித்தலையைச் சுற்றி மையொழுகியது போல ஒரு கறுப்பு வட்டம் விழும், உரசினாலும் போகாது. பித்தளையே வாங்குங்கள்.

கயிற்றில் ஒரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கும். பழைய கப்பல்காரர் கயிற்றைச் சுற்றளவால் சொல்வார்கள். 6 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மாதிரியில் 1 மி.மீ. நூல். அந்த 6 அங்குலத்தை விட்டமாக எடுத்தால் மூன்று மடங்கு தடித்து, பாய்மரம் தேர்வடம் கட்டியதுபோல நிற்கும். பருத்தி நூல் மழைக்கு இறுகிப் பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலை வளைக்கும், கச்சானுக்குத் தொய்யும். நைலோன் மினுங்கும், இழுபடும். முறுக்கிய பொலியெஸ்டர் தையல்நூலை மெழுகில் ஒருமுறை இழுத்துக் கட்டினால் இரண்டு பருவமும் தாங்கும்.