ஆயா நடந்த பக்கம்

திருவண்ணாமலையை முதல்முறை சுற்றியபோது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்திலிருந்து என் பாட்டி கூட்டிப் போனார்; ஆயா என்றுதான் கூப்பிடுவேன். இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டார், நானும் போட்டேன். நடை மெதுவாகவே இருந்தது. ஓடத் துடித்த என் காலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மலையைச் சுற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

போன பௌர்ணமிக்கு என் மகளோடு போனேன். அவளுக்கு எட்டு வயது. 14 கிலோமீட்டர் நடப்பாளா என்று பயம்தான். ராஜகோபுரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டு, இருட்டிய பிறகு கிளம்பினோம்.

கிரிவலப் பாதையில் எல்லோரும் இடப்பக்கமாகவே நடப்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்பது நம்பிக்கை. யம லிங்கத்தைத் தாண்டியதும் ஆந்திராவிலிருந்து வந்த பையன்கள் நாலைந்து பேர் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர்களில் ஒருவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான், மலையைப் பார்த்தான், பேசாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

வழியில் அன்னதானம். பொங்கல் வாங்கித் தின்றோம். பக்கத்தில் ஒருவர் காகிதத் தட்டை மரத்தடியில் வீசிவிட்டு நடந்தார். மகள் அவரைப் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள். குப்பைத்தொட்டி வரும்வரை தட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். அண்ணாமலையாரே இந்த மலை என்றுதானே வருகிறோம், அவர் காலடியில் எச்சில் தட்டைப் போட எப்படி மனசு வருகிறது? பிள்ளைகள் இதையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆதி அண்ணாமலை, வாயு லிங்கம், குபேர லிங்கம் என்று தாண்டி இடுக்குப் பிள்ளையாருக்கு வந்தபோது அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் வரிசையில் நின்றதும் விழித்துக்கொண்டாள். பின்வாசலில் நுழைந்து முன்வாசலில் வெளியே வர வேண்டும். உள்ளே அவ்வளவு குறுகலான வழி. எங்களுக்கு முன்னால் பருத்த உடம்புக்காரப் பாட்டி ஒருவர், பார்த்தால் நுழையவே முடியாது என்று தோன்றும். ஒருக்களித்துப் படுத்தார், ஒரு கையை முன்னால் நீட்டினார், தோளைச் சாய்த்து முழங்கையால் உந்தினார். வெளியே வந்துவிட்டார். மகள் குனிந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போகணும்னு சொல்லட்டுமா கண்ணு?" என்றேன்.

"வேண்டாம்மா, தெரியும்."

அவள் உடம்புக்கு அப்படியே தவழ்ந்து போயிருக்கலாம். ஆனாலும் அந்தப் பாட்டி மாதிரியே ஒருக்களித்து, கையை நீட்டி, முழங்கையை ஊன்றித்தான் போனாள். வெளியே வந்ததும் வாசல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஈசான்ய லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு ஊருக்குள் வந்து படுத்தோம். மறுநாள் காலையில் தரிசனம். கூட்டத்தில் அண்ணாமலையாரைப் பார்த்தது சில நொடிகள்தான், கண் நிறைந்துவிட்டது. வலது கையை இடது கையின் மேல் வைத்து விபூதி வாங்கினோம். நெற்றியில் இட்டதுபோக மிச்சத்தைத் தூணில் இருந்த குழியில் பலர் தட்டிவிட்டுப் போனார்கள். ஆயா ஒருநாளும் அப்படிச் செய்தவரில்லை. மிச்ச விபூதியைக் காலண்டர் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். வீட்டில் காய்ச்சல் என்று யார் படுத்தாலும் அந்த முடிச்சுதான் அவிழும்.

அந்தக் கதையை நான் மகளிடம் சொன்னதே இல்லை. அவள் கையை மூடியபடி என்னிடம் வந்தாள்.

"அம்மா, பையில தாள் இருக்கா?"